கடைக்குள் யாரோ

மார்ச் 4

பாப்பாவின் அப்பாவுக்கு,

நானும் பாப்பாவும் நலம். போனில் சொல்லாமல் இவள் ஏன் தபாலில் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். போன், மெயில் எதையும் இப்போது நம்ப முடியவில்லை.

நம் கண்ணாடிக் கடையின் பெயரில் வாடிக்கையாளர்களுக்கு யாரோ செய்தி அனுப்புகிறார்கள். கண்ணாடி தயார், மீதியை இந்த லிங்க்கில் கட்டுங்கள் என்று. யாருக்கு எந்த பவர், எந்த ஃபிரேம் என்பதுவரை சரியாக இருக்கிறது. டீச்சரம்மா கட்டிவிட்டுக் கண்ணாடி வாங்க வந்தார். "உங்களை நம்பித்தானே கட்டினேன்" என்று மெதுவாகத்தான் கேட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

இந்த விவரமெல்லாம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். நானும், லென்ஸ் தேய்க்கிற அண்ணனும். அவரிடம் கேட்கவும் மனம் வரவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. வைஃபை, கேமரா எல்லாம் நீங்கள் போட்டுக் கொடுத்தவை. எதைப் பார்க்க வேண்டும் என்று எழுதுங்கள்.

பாப்பாவின் அம்மா


மார்ச் 11

குட்டிம்மா,

பிரிந்திருந்து ஒரு வருடம் ஆகியும், கஷ்டம் என்றதும் என் ஞாபகம் வந்ததே. அது போதும்.

ரௌட்டரின் பாஸ்வேர்டை உடனே மாற்று. வாடிக்கையாளருக்குத் தனி வைஃபை, பில் போடும் கம்ப்யூட்டருக்குத் தனி வைஃபை என்று பிரித்துவிடு. புது பாஸ்வேர்டை எனக்கு மட்டும் எழுது. மற்றதை இங்கிருந்தே பார்த்துக்கொள்கிறேன்.

ஆனால் பாஸ்வேர்டை மாற்றும் முன் ஆளை மாற்று. அந்த லென்ஸ்காரனை எனக்கு முதலிலிருந்தே பிடிக்கவில்லை. கடை மூடிய பிறகும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உன் எதிரே உட்கார்ந்து அப்படி என்னதான் பேசுகிறான்? சிரிக்கச் சிரிக்கப் பேசுபவன்தான் குழி பறிப்பான். அவன் போனை வாங்கிப் பார்.

என்றும் உன்னவன்


மார்ச் 20

பாப்பாவின் அப்பாவுக்கு,

நீங்கள் சொன்னபடி அண்ணனிடம் போனைக் கேட்டேன். உடனே திறந்து என் கையில் கொடுத்தார். அவர் மகளின் படங்களும், மனைவி அனுப்பிய கடைச் சாமான் பட்டியலும்தான் இருந்தன.

அதன்பின் நெட் ஆபீசுக்கு நானே நேரில் போனேன். ஒரு பெண்ணை அனுப்பினார்கள். அடையாள அட்டையை இரண்டு முறை பார்த்த பிறகுதான் அவரை உள்ளே விட்டேன். அவர் கோபப்படவில்லை, "இப்படித்தான் இருக்கணும்" என்றார். பிறகு சுவரைப் பார்த்தார்.

"பாஸ்வேர்டை எழுதி ஒட்டி வச்சிருக்கீங்க. பில் போடுற கம்ப்யூட்டரும் இதே வைஃபையிலதான் ஓடுது. அதுல ஆர்டர் விவரமெல்லாம் பூட்டே இல்லாம கிடக்கு. கண்ணாடிக்குக் காத்திருக்கிற மாதிரி பெஞ்சுல உக்காந்து யார் வேணா எடுத்திருக்கலாம்."

எல்லாவற்றையும் பிரித்து, பூட்டி, ரௌட்டரையும் அப்டேட் செய்து கொடுத்தார். போலீசில் புகார் எழுதிக் கொடுத்தேன். வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, லிங்க் எது வந்தாலும் தொடாதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கிளம்பும் முன் அந்தப் பெண் கேமராவையும் சோதித்தார். "வெளியூர்ல இருந்து ஒருத்தர் இதைத் தினமும் பாக்குறாரே, தெரிஞ்சவங்களா?" என்று திரையை என் பக்கம் திருப்பினார்.

உங்கள் பெயர்.

அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து பேசுவதை நான் உங்களுக்கு எழுதவே இல்லையே. உங்கள் கடிதத்தைப் படித்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஏன் பார்த்தீர்கள்?

பாப்பாவின் அம்மா


மார்ச் 27

குட்டிம்மா,

தப்பாக எடுத்துக்கொள்ளாதே. பாப்பாவைப் பார்க்கத்தான். பெற்றவன் பிள்ளையின் முகத்தைப் பார்க்க ஆசைப்படக் கூடாதா? யாரோ ஒருத்தி வந்து பூட்டினாள் என்று என்னையும் வெளியே நிறுத்திவிட்டாய். கேமராவை எனக்குத் திறந்து வை. காலம் கெட்டுக் கிடக்கிறது. நான் ஒருவன் கண் வைத்திருப்பது உனக்குத்தான் பாதுகாப்பு.

என்றும் உன்னவன்


ஏப்ரல் 3

பாப்பாவின் அப்பாவுக்கு,

பள்ளி விட்டதும் பாப்பா நேரே என் தங்கை வீட்டுக்குப் போய்விடுவாள். இந்த ஒரு வருடத்தில் அவள் கடைப் படி ஏறியதே இல்லை. கேமராவில் தெரிவது என் நாற்காலிப் பக்கம் மட்டும்தான்.

கோடை விடுமுறையில் சேர்ந்து வாழ்வதைப் பற்றிப் பேசலாம் என்றிருந்தோம். இனி அந்தப் பேச்சு வேண்டாம். பாப்பாவைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கை வீட்டுக்கு வாருங்கள். அதை நான் ஒருநாளும் தடுக்க மாட்டேன்.

லிங்க் அனுப்பியது யார் என்று போலீஸ் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லம்மா, யாரா இருந்தாலும் சந்தேகம் வரத்தான் செய்யும்" என்றார். வேலையை விடவில்லை. ஆனால் ஸ்டூல் இப்போது லென்ஸ் அறைக்குள்ளேயே இருக்கிறது. கடை மூடியதும் சொல்லிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். பில்களை எடுத்து வைத்துவிட்டு நான் சற்று நேரம் தனியே உட்கார்ந்திருக்கிறேன். யாரும் பார்க்கவில்லை என்ற நிம்மதி மெல்லத்தான் வருகிறது.

பாப்பாவின் அம்மா