கலா கேட்ட கேள்வி

14.8.2010, சனி. சிதம்பரம்.

தம்பி ரவியை இன்று அடக்கம் செய்தோம். பிச்சாவரம் சாலையில் பைக்கிலிருந்து விழுந்த நாலாம் நாள், சென்னை ஆஸ்பத்திரியில் மூளைச்சாவு என்றார்கள். கொஞ்ச நேரத்திலேயே சிறுநீரகத்தையும் கல்லீரலையும் தானமாகக் கேட்டார்கள். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மிஷினில் அவன் நெஞ்சு ஏறி இறங்கியது, கை சூடாக இருந்தது. உறுப்புக்காகத்தான் அவசரப்படுகிறார்களோ?

"இன்னொரு தடவ என் எதிர்ல டெஸ்ட் பண்ணுங்க சார்" என்றேன். டாக்டர் கோபப்படவில்லை. ஆறு மணி நேரம் கழித்து எப்படியும் மறுபடி செய்யத்தான் வேண்டும், கூட நில்லுங்கள் என்றார். மிஷினை நிறுத்தி, அவனாக மூச்சு விடுகிறானா என்று பார்த்தார்கள். விடவில்லை என்றார்கள்.

வெளியே ரவியின் மனைவி கலா நின்றிருந்தாள். "நீங்க நல்லா பாத்தீங்களா மாமா? நெஞ்சு அசையவே இல்லியா?"

"அசையலம்மா."

அதன் பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

இன்று எல்லோரும் போன பிறகு அதையே மறுபடி கேட்டாள். அதே பதிலைச் சொன்னேன். மிஷினை நிறுத்தியதும் நான் கண்ணை மூடிக்கொண்டதை அவளிடம் எப்படிச் சொல்வது? டாக்டர் பொய் சொன்னாரா, தெரியாது. நான் சொன்னேன்.