இரண்டாம் சுற்றில் குதிக்காதே

தம்பிக்கு,

வெகுகாலம் பேசாமல் இருந்துவிட்டேன். அண்ணனாக ஆறு வருடம், இன்னொரு ஆளாக ஐந்து நாள். அந்த இன்னொரு ஆள் யார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோபம் வந்தால் இங்கேயே மடித்து வைத்துவிடு.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு உன்னோடு கம்ப்யூட்டரில் சண்டை விளையாட்டு ஆடும் 'ஓட்டைக்குடை' நான்தான்.

போன வாரம் ஆட்டம் முடிந்ததும் நீ அனுப்பிய செய்தியை எழுதி வைத்திருக்கிறேன். "குடை சார், ஒரு யோசனை கேக்கணும். பெரிய போட்டி ஒண்ணு வருது, நூத்தி இருபத்தெட்டு பேர். பணம் கட்டிப் போலாமா, இல்ல வீட்டோட கிடக்கலாமா? நாப்பத்தி மூணு வயசுல பொம்மைச் சண்டைக்கு லீவு போடற ஒரே லிஃப்ட் மெக்கானிக் நீதான்னு என் வீட்டுக்காரி சிரிக்கிறா. நீங்க விவரமான ஆளு. நீங்க சொன்னா கேக்கறேன்."

உன் வாயிலிருந்து மரியாதை கிடைக்க நான் ஓட்டைக்குடை ஆக வேண்டியிருந்தது. இருக்கட்டும்.

எப்படி வந்து சேர்ந்தேன் என்று கேட்பாய். நீயும் நானும் பேசாவிட்டாலும் உன் மனைவி எனக்குப் படங்கள் அனுப்புவதை நிறுத்தவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் வந்த ஒரு படத்தில், உனக்குப் பின்னால் இருந்த திரையில் உன் ஆட்டப்பெயர் தெரிந்தது. பாசத்தில் தேடி வந்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அடிக்கத்தான் வந்தேன். இருபத்தாறு வருடம் காப்பீட்டு அலுவலகத்தில் ஊரார் விபத்துக்கெல்லாம் மதிப்புப் போட்டவன், தான் வேலை கற்றுக்கொடுத்தவனே தனக்கு மேலதிகாரியாக வந்து உட்கார்ந்ததைப் பார்த்தவன், வாரத்தில் ஒரு நாளாவது யாரையாவது உதைக்க வேண்டாமா? முதல் ஆட்டத்தை ஜெயிக்க எனக்கு நான்கு மாதம் ஆனது. அன்று மாலை தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். நுழைவுக் கட்டணம், ரயில், இரண்டு நாள் அறை வாடகை, மூன்று நாள் சம்பள வெட்டு எல்லாம் சேர்ந்தால் உன் அரை மாதச் சம்பளம். பரிசு நான்கு பேருக்கு மட்டும். முதலாவது ஆளுக்கு உன் மூன்று மாதச் சம்பளம், இரண்டாவது ஆளுக்கு ஒன்றரை மாதம், மற்ற இருவருக்கும் போட்ட காசு திரும்பும், அவ்வளவுதான். நாம் ஆடியது இருநூற்றுப் பன்னிரண்டு ஆட்டம். நீ ஜெயித்தது நூற்று நாற்பத்தொன்பது. பத்துக்கு ஏழு என்று வை. தோற்றால் வெளியே என்ற போட்டியில் அந்தக் கணக்கோடு போனால், நூறு ரூபாய் போட்ட இடத்தில் அறுபத்தைந்துதான் திரும்பும். அங்கே வருபவர்கள் என்னைப் போல ஐம்பது வயதுக்காரர்களும் அல்ல. ஆகவே போகாதே என்பதுதான் பதில். முதல் நாளே அதை எழுதி அனுப்பியிருக்கலாம்.

அனுப்ப முடியவில்லை. இதே கையால் இதே மாதிரி ஒரு கணக்கை முன்பும் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

அம்மாவின் அறுவை சிகிச்சைக்கு முன், பிழைக்கப் பத்தில் ஒரு பங்குதான் வாய்ப்பு என்று டாக்டர் சொன்னார். ஆகும் செலவையும் சொன்னார். வேண்டாம் என்றேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் சித்தப்பா, அத்தை, அத்தையின் மருமகன் எல்லோரும் நிற்கும்போது நீ சொன்னாய்: "எங்க அண்ணன் அழறதுக்குக்கூட கணக்குப் போட்டுப் பாத்துட்டுதான் அழுவாரு." அந்த மருமகன் சிரித்தான். அவன் வீட்டு விசேஷம் எதற்கும் அதன் பிறகு நான் போகவில்லை.

நீ கடன் வாங்கிச் செய்தாய். பதினோராம் நாள் அம்மா போனாள். என் கணக்கு சரியாகத்தான் இருந்தது. சரியாக இருந்ததை யாரும் மன்னிக்கவில்லை, நீ உட்பட.

ஆனால் ஆறாம் நாள் என்று ஒன்று இருந்தது. கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தச் சொல்லி, சீட்டுக்கட்டு கேட்டு வாங்கி, உன்னோடு ஆடி, இரண்டு முறை கள்ளாட்டம் ஆடி ஜெயித்தாள். நான் கதவுக்கு வெளியே பெஞ்சில் இருந்தேன். அவள் சிரிப்பதும், "அம்மா, அந்த சீட்டை எடு, போர்வைக்கு அடியில வெச்சிருக்கே" என்று நீ கத்துவதும் கேட்டது. என் மேல் பிழையில்லை என்ற வீம்பில் உள்ளே வராமல் இருந்தேன். என் கணக்கில் ஆறாம் நாளுக்கு இடமே விடவில்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

இனி உனக்குத் தெரியாத ஒன்று. நீ என்னிடம் தோற்ற அறுபத்துமூன்று ஆட்டத்தில் நாற்பத்தொன்று ஒரே தவறால் போனது. முதல் சுற்றை ஜெயித்துவிட்டால், இரண்டாம் சுற்று மணி அடித்த உடனே ஓடிவந்து குதிக்கிறாய். ஒவ்வொரு முறையும். நான் செய்வதெல்லாம், அசையாமல் நின்று, நீ மேலே இருக்கும்போது ஒரே ஒரு குத்து. அதன் பிறகு மூன்றாம் சுற்றிலும் நீ தேறுவதே இல்லை. பள்ளியில் பாஸானதற்கு ஐந்து படியைத் தாண்டிக் குதித்துப் பல்லை உடைத்துக்கொண்டவன்தானே நீ.

இதை நான் சொல்லாமல் வைத்திருந்தேன். சொன்னால் எனக்கு மிச்சம் என்ன? நாற்பத்தொரு வெற்றி வேறு எங்கும் எனக்குக் கிடைக்கவில்லை.

குதிக்காதே. நின்று, பின்வாங்கி, எதிராளியை முதலில் அசையவிடு. அந்தத் தவறில் பாதியைத் திருத்தினாலே பத்துக்கு எட்டு ஜெயிப்பாய். அப்போது நூறு போட்ட இடத்தில் நூற்று நாற்பதுக்கு மேல் திரும்ப வாய்ப்பு உண்டு. அங்கே வலுவான ஆட்கள் இருப்பார்கள், முதல் ஆட்டத்திலேயே தோற்று நீ வீடு திரும்பலாம், அதையும் சொல்லிவிடுகிறேன். இருந்தாலும் போ. கணக்குப் பார்த்துத்தான் சொல்கிறேன். இந்த முறை ஆறாம் நாளுக்கும் இடம் விட்டிருக்கிறேன்.

போட்டிக்கு முன் மூன்று ஞாயிறு இருக்கிறது. மூன்று மணிக்கு வழக்கம்போல் இருப்பேன். நீ வந்தால், குதிக்கிறாயா என்று பார்ப்பேன். வராவிட்டால் இதைப் படித்துவிட்டாய் என்று தெரிந்துகொள்வேன். வா. நன்றாக ஆடு, ஜெயித்து வா. ரயிலில் கீழ்ப் படுக்கை கேட்டு வாங்கு, உன் முழங்கால் எனக்குத் தெரியும்.

கடைசியில் பெயர் எழுத வேண்டிய இடத்தில் வெகுநேரமாகப் பேனாவை வைத்துக்கொண்டிருக்கிறேன். நீ இப்போது மரியாதையாக அழைப்பது என் பெயரை அல்ல. அண்ணன் என்று போட்டுக்கொள்ளலாம் என்றால், நீ அப்படி அழைத்து ஆறு வருடம் ஆகிறது. அதை நானாக எடுத்துக்கொள்ள மாட்டேன், நீதான் தர வேண்டும். ஆகவே அந்த இடத்தை வெறுமையாக விட்டு, உன் பட்டறை முகவரிக்கு இதைத் தபாலில் போடுகிறேன்.