பனியாற்றங்கரைக் கூடாரம்

ஜூன் 6
கூடாரம்

என்னங்க,

நான் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். சாமான் கொண்டுவரும் கோவேறு கழுதைக்காரர் நாளை கீழே இறங்குகிறார். அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பனியாற்றில் கழிகள் நட்டாயிற்று. கோடை முடிவதற்குள் எவ்வளவு உருகுகிறது என்று அவைதான் சொல்லும். மீதி நேரமெல்லாம் பாறைகளோடுதான். பனி ஏறிப்போன பக்கம் வழுவழு, இறங்கிய பக்கம் பிய்ந்து கரடுமுரடு. தடவிப் பார்த்தாலே அது போன திசை தெரியும். நேற்று வேன் அளவுக்கு ஒரு பாறாங்கல் பார்த்தேன். இந்தப் பள்ளத்தாக்கின் கல்லே இல்லை. எங்கிருந்தோ பனி தூக்கிவந்து நட்டநடுவில் விட்டுவிட்டுப் போயிருக்கிறது.

போன வருஷம் இதே கூடாரத்தில்தான் வாண்டுவுக்குக் காய்ச்சல் என்று சேதி வந்தது. புயல் ஓய்ந்து நான் வந்து சேர்வதற்குள் நம் பிள்ளையை எடுத்தாகிவிட்டது. அன்றிலிருந்து நீங்கள் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. கோபம் நியாயம்தான்.

ஒரு வரியாவது எழுதுங்கள்.

உங்கள்
கல்லுக்காரி

ஜூன் 15
வீடு

கல்லுக்காரிக்கு,

கடிதம் வந்தது. குளிருக்கு இரண்டு ஸ்வெட்டராகப் போட்டுக்கொள். அழகு பார்க்க அங்கே யாருமில்லை. லேபில் வேலை குவிகிறது. ஊருக்கெல்லாம் பல்செட் செய்து சிரிக்க வைக்கிறேன்.

வாஷிங் மெஷினில் தண்ணீர் இறங்கவில்லை. மெக்கானிக் வந்து அடியைக் கழற்றி, ஒரு சின்ன சாக்ஸை எடுத்தார். "இதுதான் சார் அடைச்சிட்டிருந்துச்சு. சின்னப் பசங்க இருக்கிற வீட்டுல சகஜம்" என்று சிரித்தார். "ஆமாங்க, சரியான வாலு" என்றேன். வேறென்ன சொல்வது?

துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
பல்லுக்காரன்

ஜூன் 26
கூடாரம்

என்னங்க,

உங்கள் கடிதத்தைப் பனியாற்றோரத்தில் உட்கார்ந்து படித்தேன். கூட வந்திருக்கும் மாணவி, "மேடம், என்னாச்சு?" என்று ஓடிவந்தாள். நான் அழுவதைப் பார்த்து அவளும் அழுதாள், ஏன் என்று தெரியாமலே.

போதும். குழுத் தலைவரிடம், "சார், இனிமே நான் மலைக்கு வரலை" என்று சொல்லிவிட்டேன். அவர் காரணம் கேட்கவில்லை. ஜூலை 12 மாலை ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வாருங்கள். "பிள்ளை சாகக் கிடந்தப்ப நீ எங்கடி போயிருந்தே?" என்று கேளுங்கள். வாய்க்கு வந்தபடி திட்டுங்கள். பேசாமல் மட்டும் இருக்காதீர்கள்.

உங்கள்
கல்லுக்காரி

ஜூலை 11
வீடு

கல்லுக்காரிக்கு,

ஸ்டேஷனில் டாக்ஸிக்காரர் உன்னிடம் இதைக் கொடுப்பார். தெரிந்தவர்தான்.

உன்மேல் எனக்கு ஒரு நாளும் கோபம் இருந்ததில்லை. புயலை யார் என்ன செய்ய முடியும்? உன் கன்னத்தில் விழுகிற குழி வாண்டுவுடையது. யோசிக்கும்போது கீழுதட்டைக் கடிப்பாயே, அதுவும் அவன்தான். எதிரே நீ உட்கார்ந்தால் எனக்குச் சோறு இறங்காது. அதனால்தான் தட்டைப் பார்த்தே பேசினேன். இந்த வருஷம் நீ மலைக்குக் கிளம்பியதும், கதவைச் சாத்திவிட்டு, அப்பாடா என்று மூச்சு விட்டேன். அன்றைக்கே என்னை எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது.

வேறு ஊரில் ஒரு லேபில் வேலை கிடைத்திருக்கிறது. இன்று கிளம்புகிறேன். உன் முகத்தைப் பார்க்க என்றைக்குத் தெம்பு வரும் என்று தெரியவில்லை, வராமலேகூடப் போகலாம். காத்திருக்காதே.

சாவி மாடிவீட்டு அக்காவிடம் இருக்கிறது. விஷயத்தைச் சொல்லியிருக்கிறேன், கொஞ்ச நாள் உன்னோடு வந்து தங்குவார். வேண்டாம் என்று சொல்லிவிடாதே.

உனக்கு முதுகுவலி. பெட்டியை நீ தூக்காதே, டாக்ஸிக்காரர் தூக்குவார்.

வாண்டுவின் அப்பா