காற்று இறங்கிய டயர்

அன்புள்ள அம்மாவுக்கு, நான் நலம். உங்கள் முட்டிவலி தேவலையா?

முதலாளியின் பிக்கப் வண்டியை நான்தான் தினமும் ஓட்டுகிறேன். எஞ்சின் சீறிப் பாயும். வாரக்கடைசியில் மணல்மேட்டுப் பந்தயத்துக்குப் பிடிமானம் வேண்டுமென்று டயரில் பாதிக் காற்றை அவர் இறக்கிவிடுவார். திங்கள்கிழமை, கதவோரம் ஒட்டியிருக்கும் சீட்டிலுள்ள அளவுப்படி நான் மறுபடி ஏற்றிவிடுவேன். இந்த வாரம் தடுத்துவிட்டார். "மெத்துன்னு போகுதுல்ல, விடு!"

நேற்று ஓட்டிவிட்டுத் தொட்டால் டயர் சுட்டது. பக்கவாட்டில் ஒரு புடைப்பு. வேகமாகப் போனால் வெடித்துவிடும் என்று அவரிடம் காட்டினேன்.

"உனக்கு எதுக்கெடுத்தாலும் பயம்பா," என்று சிரித்தார்.

நீங்கள் கவலைப்படாதீர்கள். தம்பியை பைக்குக்குக் காற்று பார்த்து ஓட்டச் சொல்லுங்கள். நாம் எல்லோரும் இருக்கும் படம் ஒன்று அனுப்புங்கள், பர்ஸில் வைத்துக்கொள்கிறேன்.

இன்று அதே டயரோடு நெடுஞ்சாலைப் பயணம். அவரே ஓட்டுகிறாராம். ஹாரன் அடிக்கிறார். பின்சீட்டில் அவர் பிள்ளைகளுக்கு நான்தான் பெல்ட் மாட்டிவிட வேண்டும்.

உங்கள் மகன்