வலப்பக்கம் யாருக்கு?

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீயும் நலம் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடியும், நீ கடிதம் போட்டால்தானே தெரியும்! நாள் முழுக்க ஊரார் ஃபோன்களைப் பிரித்து மேய்கிறவளுக்கு ஃபோனில் பேசுவதென்றாலே அலுப்பு. அதனால்தான் இந்தக் காகிதம்.

அப்பாவின் உயிலை வக்கீலம்மாவிடம் கொண்டுபோனேன். கைப்பட எழுதியதில் கதவு எண் பழையது, நீ பிறந்த வருடமும் தப்பு. உயில் செல்லாதோ என்று கேட்டேன். அந்தம்மா சிரித்துவிட்டார். "இதெல்லாம் சின்னப் பிழைம்மா. எந்த வீடு, எந்தப் பிள்ளைன்னு தெளிவாத் தெரியுதுல்ல? உயில் நிக்கும்."

ஒரு வரியில்தான் சிக்கல். 'நடையின் வலப்பக்கம் மகனுக்கு, இடப்பக்கம் மகளுக்கு.' தெருவிலிருந்து நடை வழியாக உள்ளே வந்தால் வலப்பக்கம் என் ரிப்பேர் கடை. இடப்பக்கம் அப்பாவின் அறையும் தட்டுமுட்டு அறையும். ஆனால் அப்பா எப்படிப்பட்ட கண்டக்டர்! காலமெல்லாம் டிரைவருக்கு முதுகைக் காட்டி, பயணிகளைப் பார்த்தே நின்றவர். அவருடைய வலது ஊருக்கு இடது. இதையும் மாற்றித்தான் எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன். "இது சின்னப் பிழை இல்ல, பங்கே மாறுது. தம்பி ஒத்துக்கிட்டா சரி, இல்லன்னா கோர்ட்டுதான்" என்கிறார் வக்கீலம்மா.

உன் பாகம் வந்தால் விற்றுவிடுவேன் என்று போன வருடம் சொன்னாய். கடை போய்விட்டால் நான் என்னடா செய்வேன்? மனதில் இருப்பதை எழுது.

அன்புடன்,
அக்கா


மார்ச் 19

அன்பு அக்காவுக்கு,

கோர்ட்டு கீர்ட்டு என்று இன்னொரு முறை எழுதினால் நிஜமாகவே கோபம் வரும். "வலப்பக்க சீட்டுல உக்காருடா" என்று அப்பா சொன்னால் நான் இடப்பக்கம் போய் உட்கார்ந்துதானே வளர்ந்தேன்! மாற்றித்தான் எழுதியிருப்பார். கடை உன்னுடையது. ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்ட தாளை இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஹோட்டல் சமையலறையில் என்னை இப்போது வெங்காயத்திலிருந்து சூப்புக்கு உயர்த்தியிருக்கிறார்கள். கண்ணுக்கு ஓய்வு. வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன்,
தம்பி


ஏப்ரல் 6

அன்புள்ள தம்பிக்கு,

சூப்புக்கு வாழ்த்துகள். உன் தாளை நான் வக்கீலம்மாவிடம் கொடுக்கவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட டிரைவர் மாமா, ஃபோன் கண்ணாடி மாற்றக் கடைக்கு வந்தார். பேச்சுவாக்கில் கேட்டுவைத்தேன். "நான் அன்னிக்கே சொன்னேம்மா, 'யோவ், இடது வலதை மாத்தித் தொலைச்சிடாதே'ன்னு. உங்கப்பா எழுந்து போய், வாசல்ல நின்னு, உள்ளே பார்த்துக் கையை நீட்டிக் காட்டிட்டு வந்துதான் எழுதினார்" என்றார். 'கடையை ஏன் அவனுக்கு?' என்று மாமா கேட்டாராம். "அவ எங்க போனாலும் பொழச்சுக்குவா. இவன் ஒருநாள் திரும்பி வந்து நின்னா, கையில ஒரு கடை இருக்கட்டும்" என்றாராம் அப்பா.

ஆக, அது பிழையே இல்லை. கடை உன்னுடையதுதான். என்மேல் அவர் வைத்த நம்பிக்கையை நினைத்தால் பெருமையாகவும் இருக்கிறது, எரிச்சலாகவும் இருக்கிறது. இதை மறைத்துவிட்டுத் தினமும் அந்த ஷட்டரைத் தூக்க என்னால் முடியாது. உன் தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். விற்பதானால் வேறு இடம் பார்க்கக் கொஞ்சம் அவகாசம் மட்டும் கொடு.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 21

அன்பு அக்காவுக்கு,

மனுஷன் இந்த ஒரு தடவையாவது சரியான பக்கம் பார்த்து நின்றாரே!

நான் திரும்பி வந்து நின்றால் என்ன ஆவேன் என்று அவர் கவலைப்பட்டது எனக்குத் தெரியவே தெரியாது. உன் கடிதத்தைப் பாத்திரம் கழுவும் இடத்தில் நின்று படித்தேன். அழுகைதான் வந்தது. வெங்காயத்தின்மேல் பழி போடவும் வழியில்லை.

திருப்பி அனுப்பிய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். உன்னுடையதை உன்னுடையது என்று ஒப்புக்கொண்டதில் எனக்கென்ன பெருமை? இப்போது கடை என்னுடையது. வக்கீலம்மாவிடம் புதுத் தாள் எழுதச் சொல். தம்பி தன் சொத்தை அக்காவுக்குக் கொடுக்கிறான் என்று இருக்கட்டும். இத்தனை வருடத்தில் உனக்கென்று நான் ஒன்றுமே கொடுத்ததில்லை.

உன்,
தம்பி