அத்திமரத்துக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி

நேற்று உன் மகள் உன் வேதாகமத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். திறந்ததுமே கோப்பி வாசனை. நடுமடிப்பிலிருந்து ரப்பர் துகள்கள் என் மடியில் கொட்டின. அழித்ததும் ஊதிவிடு என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பாவம், உன் மகள் பயந்துபோனாள்.

சிங்கப்பூர் ஃபேரர் பார்க் கோப்பிக் கடையின் மூலை மேசை, சனிக்கிழமை காலை, ஆளுக்கொரு பென்சில். புரியாத வசனத்துக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட வேண்டும். இருவருக்கும் புரிந்தால்தான் அழிக்கலாம். சட்டம் போட்டவள் நீ. அதுவரை சபையில் எல்லாரும் தலையாட்டினால் நானும் ஆட்டிக்கொண்டிருந்தேன். "புரியலன்னா கர்த்தர் கோவிச்சுக்க மாட்டாரு லா. புரிஞ்ச மாதிரி நடிச்சாத்தான் அவருக்குச் சிரிப்பு வரும்" என்றாய்.

அத்திமரத்திடம்தான் மாட்டிக்கொண்டோம். பசியோடு வந்த இயேசு, இலை மட்டும் இருந்த மரத்தைச் சபிக்கிறார். அது பழக்காலமே இல்லை என்று அங்கேயே எழுதியிருக்கிறது. "சீசன் இல்லாதப்ப டுரியான் பழம் எங்கேன்னு மரத்தத் திட்டுனா நியாயமா?" என்று நீ போட்ட சத்தத்தில் பக்கத்து மேசை அங்கிள் திரும்பிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மாதம்தான் ஆபீசில் என்னை வேண்டாம் என்று அனுப்பியிருந்தார்கள். "அந்த மரம் நான்தான்டி. இனிமே இதப் படிக்க மாட்டேன்" என்று மூடிவிட்டேன்.

சபையில் ஆளாளுக்கு விளக்கம் சொன்னார்கள். ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. நீ மட்டும், "எனக்கும் தெரியல. நானும் மரத்துப் பக்கந்தான். ஆனா அடுத்த சனிக்கிழமை வந்துடு" என்றாய். வந்தேன். எத்தனையோ குறிகளை அழித்தோம், அது மட்டும் அப்படியே இருந்தது.

நீ கர்த்தரிடம் போன பிறகு நான் வேதத்தைத் திறக்கவே இல்லை. தனியாகப் படிப்பவள் யாரைக் கேட்டு அழிப்பது? இனி நமக்கு இது ஆகாது என்று முடிவே செய்துவிட்டேன்.

நேற்று உன் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் தேடினேன். கேள்விக்குறியைக் காணோம்! அழுத்தி அழித்த தடம் மட்டும் இருந்தது. அடிப்பாவி, என்னைக் கேட்காமல் எப்படி அழித்தாய்?

"கடைசி வாரம் ஹாஸ்பிட்டல்ல ரப்பர் கேட்டாங்க ஆன்ட்டி. அழிச்சிட்டு ரொம்ப ஹேப்பியா சிரிச்சாங்க. ஏன்னு கேட்டா சொல்லல" என்றாள் உன் மகள்.

உனக்கு என்னதான் புரிந்தது? ஒரு வரி எழுதி வைத்திருக்கக் கூடாதா? இரவெல்லாம் உன்னோடு சண்டை போட்டேன். எத்தனை நாளாயிற்று இப்படிச் சண்டை போட்டு! விடிந்தபோது மனம் நிறைந்திருந்தது.

இன்று சனிக்கிழமை. மூலை மேசையில் உன் வேதாகமமும் என்னுடையதும். முதல் வேலையாக உன் புத்தகத்தில், அந்தத் தடத்தின் மேலேயே கேள்விக்குறியைத் திரும்பப் போட்டேன். சட்டம் சட்டம்தான். பிறகு அடுத்த அதிகாரத்தைத் திறந்தேன்.

நான் அங்கே வந்ததும் முதலில் விளக்கத்தைச் சொல். ரப்பரை நான் கொண்டுவருகிறேன்.