படைமுகாம் வாசலில் பதினோரு பெண்கள்

கென்டக்கி, படைமுகாம்
1865 மார்ச் 27

அன்பு மகள் பெர்மீலியாவுக்கு அம்மா கெசியா எழுதுவது. நான் உயிரோடும் ஓரளவு தெம்போடும் இருக்கிறேன், கனடாக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க ஆண்டவர் துணை நிற்கட்டும்.

உன் கடிதம் வந்தது. படித்ததும் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், எனக்கோ எரிச்சல்தான் வந்தது. வாஷிங்டன் பெரிய மனிதர்கள் இரக்கப்பட்டு, கறுப்புச் சிப்பாய்களின் மனைவி மக்களுக்கும் விடுதலை என்று சட்டம் போட்டார்களாம், அதற்காக உங்கள் சபையில் நன்றி ஜெபம் செய்தீர்களாம். இரக்கமா? இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஜனாதிபதி அடிமைகளுக்கு விடுதலை அறிவித்தபோது, இந்தச் சண்டையில் நம் மாநிலம் அவர் பக்கம் நிற்கிறது என்பதற்காகவே நம்மை மட்டும் அடிமைகளாகவே விட்டுவைத்தார்களே, அன்றைக்கு இந்த இரக்கம் எங்கே போயிருந்தது? பட்டாளத்தில் சேர்ந்தால் ஆணுக்கு விடுதலை என்றார்கள், உன் அப்பா எஜமானுக்குத் தெரியாமல் ஓடிவந்து சேர்ந்தார். நானும் குட்டி ஜில்பாவும் தாமார் சித்தியும் அவர் பின்னாலேயே ஓடிவந்து, முகாம் ஓரத்தில் பலகைக் குடிசை போட்டு, சிப்பாய்களுக்குத் துணி துவைத்துப் பிழைத்தோம். அக்டோபரில் அப்பாவின் படையை வர்ஜீனியாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நவம்பரில் நடந்ததைப் போன கடிதத்தில் இரண்டே வரியில் எழுதியிருந்தேன், அதற்கு மேல் கை ஓடவில்லை. இன்று எழுதிவிடுகிறேன். வாளித் தண்ணீர் உறைந்துபோன காலை அது. சிப்பாய்கள் வந்து, பெண்களும் பிள்ளைகளும் அவரவர் எஜமானிடமே திரும்பிப் போய்விட வேண்டும், இது மேலிடத்து உத்தரவு என்றார்கள். ஜில்பாவுக்குக் காய்ச்சல், நெஞ்சில் சளி. பிள்ளை தேறும்வரை இரண்டு நாள் பொறுங்கள் என்று கெஞ்சினேன். முன்னால் நின்ற சிப்பாய் என் முகத்தைப் பார்க்காமலே, "நான் என்னம்மா பண்றது, வண்டியில ஏறு" என்றான். நாங்கள் ஏறி உட்கார்ந்திருக்கும்போதே குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள். ஆறு மைல் தள்ளி நடுரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். யாரோ கைவிட்டுப்போன புகையிலைக் கொட்டகை ஒன்றில் ஒண்டிக்கொண்டோம். மூன்றாம் நாள் என் மடியிலேயே ஜில்பா போய்விட்டாள். ஐந்து வயசு. தரை இறுகிக் கிடந்தது, சித்தியும் நானும் ஓர் உடைந்த ஏர்க்கொழுவை வைத்துத்தான் குழி தோண்டினோம்.

எஜமான் வீட்டுக்கு நாங்கள் போகவில்லை. கொட்டகையில் ஒண்டியிருந்த பதினோரு பெண்கள் திரும்பி நடந்துவந்து முகாம் வாசலில் உட்கார்ந்துவிட்டோம். எழுந்து போகாவிட்டால் சுடுவேன் என்றான் காவல்காரன். சித்தி அவனிடம், "சுட்டுக்கோ தம்பி. ஆனா பொணத்தை நீதான் தூக்கணும், எங்க வீட்டு ஆம்பிளைங்க எல்லாம் உங்க சண்டைக்குப் போயிருக்காங்க" என்றாள். அவன் துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டான். இரண்டாம் நாள் ஓர் அதிகாரி குமாஸ்தாவைக் கூட்டிக்கொண்டு வந்து, நடந்ததைச் சத்தியம் வாங்கி எழுதிக்கொண்டார். நான் சொன்னேன், மற்ற பெண்களும் சொன்னார்கள். அந்தக் காகிதங்கள் வாஷிங்டன் போயின, பத்திரிகைகளிலும் வந்தன. அங்கே அவர்களுக்கு வெட்கமாகிப் போனது, சட்டம் பிறந்தது. இதுதானம்மா நடந்தது.

அந்தச் சட்டமாவது முழுசா என்றால் அதுவும் இல்லை. எனக்குப் புருஷன் சிப்பாய், அதனால் விடுதலை. சித்தி விதவை, அதனால் இன்னும் அடிமை! போன வாரம் அவள் எஜமானின் ஆள், அவள் தங்கள் சொத்து என்று காட்டும் காகிதத்தோடு வந்து நின்றான், அதிகாரி கையை விரித்துவிட்டார், ஒரு வாரத்தில் வந்து கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டு அவன் போனான். அப்போதுதான் படைச் சமையற்காரர் ஜூபல், அவரும் மனைவியை இழந்தவர், பட்டாளத்துச் சட்டை போட்டவர், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சித்தியிடம், என்னைக் கட்டிக்கிறியா என்று கேட்டார். சித்தி மூன்று நாள் முறைத்தாள். "ஒருத்தன்கிட்டேருந்து தப்பிக்க இன்னொருத்தனா?" என்று என்னிடம் சத்தம் போட்டாள். கடைசியில் சரி என்றாள், சோறு மட்டும் அவர்தான் ஆக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. வியாழக்கிழமை கல்யாணம். மனப்பூர்வமான சம்மதமா என்று போதகர் கேட்டதற்கு, "காகிதத்துக்கு மனப்பூர்வமா சம்மதம் ஐயா, ஆளைப் போகப்போகப் பாத்துக்கலாம்" என்றாள். எல்லாரும் சிரித்தோம், ஜூபல்தான் அதிகம் சிரித்தார். நான் மட்டும் பாதியில் சிரிப்பை நிறுத்திவிட்டேன். துப்பாக்கிக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்த பெண்பிள்ளைக்கு விடுதலை ஓர் ஆம்பிளையின் சட்டை வழியாகத்தான் வர வேண்டுமா? சட்டை போட்ட ஆள் கிடைக்காத பெண்கள் இங்கே இன்னும் எத்தனையோ பேர்.

நீ முழுகாமல் இருக்கிறாய், கனமான வாளி தூக்காதே, ஈரத் துணியோடு வெளியே நிற்காதே. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். ஆண்டவர் உன்னையும் வயிற்றில் இருப்பதையும் காப்பாற்றட்டும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அப்பாவுக்கு எழுதும்போது ஜில்பாவைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாதே, அவருக்கு இன்னும் தெரியாது. குழந்தை எப்படி இருக்கிறாள் என்று ஒவ்வொரு கடிதத்திலும் ஆள் வைத்து எழுதிக் கேட்கிறார். அவர் போட்டிருக்கும் அதே சட்டையைப் போட்டவர்கள்தான் அவளை வண்டியில் ஏற்றினார்கள் என்று நான் எப்படி எழுதுவேன்? திரும்பி வரட்டும், நேரில் நானே சொல்லிக்கொள்கிறேன்.

உன் அம்மா,
கெசியா பர்டெட்